போரில் வாங்கிய மெடல் ஆவணத்தில் இல்லையா? அமெரிக்காவில் முன்னாள் வீரர்கள் அதை மீட்பது எப்படி?

அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரிடம் "உங்க வீட்டில் ரொம்ப பத்திரமா வைத்திருக்கும் காகிதம் எது?" என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் 'டிடி 214'. எத்தனை வருஷம் பணி, எந்தப் பதவி, எங்கே பயிற்சி, என்னென்ன பதக்கம் என எல்லாமே அந்த ஒரு ஆவணத்தில்தான் இருக்கும்.

ஆனால் அந்தப் பதக்கப் பட்டியலில் ஒரு மெடல் விட்டுப்போயிருந்தால்? போரில் காயம்பட்டது உண்மை, உடம்பில் தழும்பும் இருக்கிறது. காகிதத்தில் மட்டும் இல்லை என்றால் என்ன ஆகும்?

இரண்டாம் உலகப்போர், கொரியா, வியட்நாம் என்று பல போர்களில் இருந்து திரும்பிய வீரர்களுக்கும் அவர்களது குடும்பங்களுக்கும் இன்றுவரை இருக்கும் சிக்கல் இது. விட்டுப்போன மெடலை ஆவணத்தில் சேர்க்க என்ன வழி? விரிவாகப் பார்ப்போம்.

டிடி 214 என்றால் என்ன?

அமெரிக்கப் படைகளில் முழுநேரப் பணியில் இருந்து விடுபடும்போது தரப்படும் சான்றிதழ்தான் டிடி 214. 1950 முதல் இது பயன்பாட்டில் இருக்கிறது. அதற்கு முன்பு, இரண்டாம் உலகப்போர் காலத்தில், ராணுவ வீரர்களுக்கு வேறு படிவங்களில் பணிவிடுப்புச் சான்று கொடுத்தார்கள்.

இப்போதைய டிடி 214-ல் 13-வது கட்டம்தான் முக்கியம். பதக்கங்கள், பேட்ஜ்கள், பாராட்டுகள், போர்க்கள ரிப்பன்கள் எல்லாம் அங்கேதான் வரிசையாக இருக்கும். அங்கே பெயர் இல்லாத மெடலை எந்த அரசு அலுவலகமும் எளிதில் ஏற்றுக்கொள்ளாது. சட்டைப்பையில் மெடலே இருந்தாலும் "ஆவணம் எங்கே?" என்றுதான் கேட்பார்கள்.

மெடல் எப்படி விட்டுப்போகிறது?

யாரோ ஒரு கிளார்க் தட்டச்சு செய்யும்போது விட்டுவிட்டார் என்பது ஒரு காரணம்தான். வேறு காரணங்களும் உண்டு.

முதலாவது, கால இடைவெளி. வீரர் வீட்டுக்குப் போன பிறகு பதக்க உத்தரவு வெளியாகும். அதற்குள் அவரது டிடி 214 தயாராகி, கையெழுத்தும் ஆகியிருக்கும். உத்தரவு ஒரு கோப்பில், சான்றிதழ் வேறொரு இடத்தில் என்று நின்றுவிடும்.

இரண்டாவது, பிறகு உருவான பதக்கங்கள். போர்க்கைதிகளுக்கான பதக்கம் 1985-ல்தான் சட்டமானது. ஆனால் 1917 ஏப்ரல் 5-க்குப் பிறகு சிறைப்பட்டவர்கள் எல்லாரும் அதற்குத் தகுதியானவர்கள். அதேபோல 1954 ஜூலை இறுதிக்குப் பிறகு தென் கொரியாவில் பணியாற்றியவர்களுக்கான கொரியா பாதுகாப்புப் பணிப் பதக்கம், அரை நூற்றாண்டு கழித்துத்தான் உருவானது. 1960-ல் ஓய்வு பெற்ற ஒருவரின் சான்றிதழில் இது எப்படி இருக்கும்?

மூன்றாவது, விதி மாற்றங்கள். இரண்டாம் உலகப்போரில் எதிரியை நேருக்கு நேர் சந்தித்த காலாட்படை வீரர்களுக்கு 'காம்பாட் இன்ஃபன்ட்ரிமேன்' பேட்ஜ் கொடுத்தார்கள். அந்த பேட்ஜ் வாங்கியவர்களுக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கமும் உண்டு என்று 1947-ல் முடிவானது. அதற்குள் பெரும்பாலானவர்கள் 1945, 46-லேயே வீடு திரும்பிவிட்டார்கள். தங்களுக்கு இப்படி ஒரு உரிமை இருப்பதே பலருக்குத் தெரியாது.

வியட்நாமிலும் இதே கதைதான். அங்கே பணியாற்றிய அமெரிக்க ராணுவப் பிரிவுகள் அனைத்துக்கும் தென் வியட்நாம் அரசு அளித்த வீரச் சிலுவை பிரிவுப் பாராட்டு, 1974-ல் வெளியான ஒரு பொது உத்தரவு மூலம் உறுதியானது. அதற்கு முன்பே பணி முடித்தவர்களின் சான்றிதழில் அது இருக்க வாய்ப்பு குறைவு.

நான்காவது, ஆஸ்பத்திரி. காயம்பட்டவரை ஹெலிகாப்டரில் தூக்கி வேறு நாட்டு ராணுவ மருத்துவமனையில் சேர்த்துவிடுவார்கள். அங்கிருந்து நேரே தாய்நாடு. அவரது பழைய பிரிவுக்கும் புதிய பிரிவுக்கும் நடுவில் காகிதம் காணாமல் போகும்.

எல்லாவற்றையும் எரித்த 1973 தீ விபத்து

ஐந்தாவது காரணம்தான் மிகப் பெரியது. அமெரிக்க முன்னாள் வீரர்களின் பணிக்கோப்புகள் மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டியுள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் இருக்கின்றன. 1973 ஜூலை 12-ம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு அந்த மையத்தின் அப்போதைய கட்டடத்தில் 6-வது மாடியில் தீப்பிடித்தது. முழுமையாக அணைக்க நான்கு நாட்களுக்கு மேல் ஆனது.

1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை பணியில் இருந்து விடுபட்ட ராணுவ வீரர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. விமானப்படையில் 1947 செப்டம்பர் முதல் 1964 ஜனவரி வரை விடுபட்டவர்களில், அகர வரிசையில் 'ஹப்பர்ட்' என்ற பெயருக்குப் பிறகு வருபவர்களின் கோப்புகளில் சுமார் 75 சதவீதம் அழிந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தக் கோப்புகளுக்கு நகல் கிடையாது, மைக்ரோஃபிலிமும் இல்லை. எது எரிந்தது என்று சொல்ல முழுமையான பட்டியல்கூட இல்லை. தீயிலும் தண்ணீரிலும் பாதி சேதமான சுமார் 65 லட்சம் கோப்புகளை மட்டும் மீட்டு உலர்த்தி வைத்திருக்கிறார்கள்.

ஒரு மெடலுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?

"மெடல் வெறும் கௌரவம்தானே, இத்தனை வருஷம் கழித்து எதுக்கு?" என்று தோன்றலாம். ஆனால் இதில் மருத்துவம், படிப்பு, கடைசியில் கல்லறை வரை அடங்கியிருக்கிறது.

* எதிரியால் காயம்பட்டவர்களுக்குத் தரப்படும் 'பர்ப்பிள் ஹார்ட்' பதக்கம் ஆவணத்தில் இருந்தால், முன்னாள் படைவீரர் நலத்துறை மருத்துவமனைகளில் குறைந்தபட்சம் 3-வது முன்னுரிமைப் பிரிவில் இடம் கிடைக்கும். மொத்தம் 8 பிரிவுகள் இருக்கின்றன.

* 2001 செப்டம்பர் 11 அல்லது அதற்குப் பிறகு பர்ப்பிள் ஹார்ட் வாங்கி, நற்பெயருடன் பணி முடித்தவர்களுக்கு, எத்தனை நாள் பணியாற்றினார்கள் என்ற கணக்கே இல்லாமல் முழு கல்வி உதவி உண்டு. 2018 ஆகஸ்ட் முதல் இது நடைமுறையில் உள்ளது.

* போர்க்கால மனஅழுத்த பாதிப்புக்கு இழப்பீடு கேட்கும்போது "நீங்கள் உண்மையிலேயே சண்டையில் இருந்தீர்களா?" என்ற கேள்வி வரும். போர்க்கள பேட்ஜோ பர்ப்பிள் ஹார்ட்டோ ஆவணத்தில் இருந்தால் அந்தக் கேள்விக்கு அதுவே வலுவான பதில். இல்லாவிட்டால் வேறு சாட்சியம் தேட வேண்டியிருக்கும்.

* ஆர்லிங்டன் தேசிய கல்லறையில் மண்ணில் அடக்கம் செய்யப்படும் தகுதி, பர்ப்பிள் ஹார்ட் அல்லது வெள்ளி நட்சத்திரம் போன்ற உயர் பதக்கங்கள் பெற்றவர்களுக்கு உண்டு. அரசு தரும் கல்லறைக் கல்லில் பதக்கத்தின் பெயரைப் பொறிக்கவும் ஆவண ஆதாரம் வேண்டும்.

அதனால்தான் 80 வயது முதியவர்களும், அப்பா இறந்து 20 வருஷம் ஆன பிள்ளைகளும் இந்த விண்ணப்பத்தை இன்னும் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் எந்த வகை என்று பிரிக்கணும்

எல்லா 'விட்டுப்போன மெடலும்' ஒன்று கிடையாது. இதைப் புரிந்துகொள்ளாமல் தவறான அலுவலகத்துக்கு மனு போட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

வகை 1: மெடல் கொடுக்கப்பட்டது, உத்தரவும் இருக்கிறது. டிடி 214-ல் மட்டும் ஏறவில்லை. இது எளிய திருத்தம்.

வகை 2: விதிப்படி மெடலுக்குத் தகுதி இருக்கிறது, ஆனால் கொடுத்ததற்கான பதிவு இல்லை. உதாரணமாக, குறிப்பிட்ட நாட்டில் குறிப்பிட்ட காலம் இருந்தாலே கிடைக்கும் பணிப் பதக்கங்கள். பர்ப்பிள் ஹார்ட்டும் இந்த வகைதான். அதற்கு மேலதிகாரி 'சிபாரிசு' தேவையில்லை. எதிரியின் செயலால் காயம், அதற்கு மருத்துவச் சிகிச்சை, அந்தச் சிகிச்சைக்குப் பதிவு ஆகிய மூன்றும் வேண்டும்.

வகை 3: வீரச் செயலுக்கு மெடல் கொடுத்திருக்க வேண்டும், ஆனால் யாரும் பரிந்துரைக்கவே இல்லை. அல்லது பரிந்துரை தொலைந்துபோனது. இது திருத்தம் அல்ல, புதிதாக மெடல் கேட்பது. பாதையே வேறு.

படிப்படியாக என்ன செய்வார்கள்?

படி 1: முழு பணிக்கோப்பை வாங்குவது. கையில் இருக்கும் டிடி 214-ஐ மட்டும் வைத்து மனு போடக்கூடாது. தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு 'எஸ்எஃப் 180' என்ற படிவத்தில் அல்லது இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். வீரருக்கும், இறந்துபோனவர் என்றால் நெருங்கிய உறவினருக்கும் அடிப்படை ஆவணங்கள் இலவசம். பணி முடிந்து 62 வருஷம் ஆகிவிட்டால் கோப்பு பொது ஆவணமாகிவிடும். அப்போது யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்தி நகல் வாங்கலாம்.

படி 2: கோப்பை வரி வரியாகப் படிப்பது. பல நேரங்களில் பதில் அங்கேயே இருக்கும். பதக்க உத்தரவின் நகல், காயம் பற்றிய மருத்துவக் குறிப்பு, பணியிட மாறுதல் தேதிகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளணும்.

படி 3: சரிபார்ப்பு கேட்பது. "இவருக்கு உரிய பதக்கங்கள் அனைத்தையும் சரிபார்த்துத் தரவும்" என்று அதே எஸ்எஃப் 180 மூலம் கேட்கலாம். தகுதி உறுதியானால் அந்தந்தப் படைப்பிரிவு பதக்கங்களை அனுப்பும். ராணுவத்தைப் பொறுத்தவரை பதக்கங்களை அனுப்பும் வேலை ஃபிலடெல்ஃபியாவில் உள்ள ஒரு ராணுவ அலுவலகத்தில் நடக்கிறது.

படி 4: சான்றிதழில் ஏற்றச் சொல்வது. மெடல் தபாலில் வந்துவிட்டது என்பதால் ஆவணம் தானாகத் திருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். திருத்தத்துக்கு 'டிடி 215' என்ற தனிப் படிவம் இருக்கிறது. பழைய டிடி 214-ஐ அழிக்க மாட்டார்கள். "13-வது கட்டத்தில் இதையும் சேர்க்கவும்" என்று டிடி 215 வரும். இரண்டையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். ஒன்றைத் தொலைத்தால் மற்றது பாதி ஆவணம்தான்.

கோப்பு எரிந்துபோயிருந்தால்?

"உங்கள் ஆவணம் 1973 தீயில் அழிந்திருக்கலாம்" என்று பதில் வந்தால் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அது முடிவான பதில் கிடையாது. ஆவணத்தை வேறு வழிகளில் மறுபடி கட்டமைக்க முடியும்.

* கடைசிச் சம்பளப் பட்டியல்: எந்தத் தேதியில், எந்த வகையில் பணி முடிந்தது என்பதை உறுதிசெய்யும்.

* தினசரி காலை அறிக்கைகள்: ஒவ்வொரு கம்பெனியிலும் யார் வந்தார், யார் மாறுதலானார், யார் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று அன்றன்றைக்கு எழுதி வைத்தவை. காயம்பட்ட தேதியைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி குறைவு. ஆனால் கம்பெனி பெயரும் ஏறக்குறைய மாதமும் தெரிந்திருக்கணும்.

* மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவுகள்: 1942 முதல் 45 வரையும், 1950 முதல் 54 வரையும் ராணுவ மருத்துவத் தலைமையகம் தொகுத்த பதிவுகள் தப்பியிருக்கின்றன.

* இழப்பீட்டுக் கோப்பு: அந்த வீரர் எப்போதாவது முன்னாள் படைவீரர் நலத்துறையிடம் உதவி கேட்டிருந்தால், அங்கே ஒரு தனிக்கோப்பு இருக்கும். அது தீயில் சிக்கவில்லை.

* வீட்டில் இருப்பவை: பழைய கடிதங்கள், காயம்பட்டதாக வந்த தந்தி, சீருடைப் படம், மாவட்ட அலுவலகத்தில் பதிந்து வைத்த பணிவிடுப்புச் சான்றின் நகல்.

உடன் பணியாற்றியவர்களின் உறுதிமொழிக் கடிதங்களும் உதவும். "அவர் நல்லவர், வல்லவர்" என்று எழுதினால் பயனில்லை. எந்த நாள், எந்த இடம், நான் எங்கே நின்றேன், என்ன பார்த்தேன் என்று எழுதியிருக்க வேண்டும்.

மறுத்துவிட்டால்? கடைசி வாசல் திருத்த வாரியம்

படைப்பிரிவு "முடியாது" என்று சொல்லிவிட்டால், அடுத்தது ராணுவ ஆவணத் திருத்த வாரியம். 1946-ல் வந்த சட்டத்தில் இருந்து உருவான அமைப்பு இது. அதற்கு முன்பு ஒரு வீரரின் ஆவணத்தைத் திருத்த நாடாளுமன்றத்தில் தனி மசோதாவே கொண்டுவர வேண்டியிருந்தது.

ராணுவத்துக்கு ஒரு வாரியம். கடற்படைக்கும் மரைன் படைக்கும் ஒன்று. விமானப்படைக்கும் விண்வெளிப் படைக்கும் ஒன்று. கடலோரக் காவல் படைக்குத் தனி. முடிவெடுப்பவர்கள் சீருடை அணிந்த அதிகாரிகள் அல்ல, அந்தந்தத் துறையின் சிவில் பணியாளர்கள்.

விண்ணப்பப் படிவத்தின் பெயர் 'டிடி 149'. கவனிக்க வேண்டியவை:

* தவறு தெரியவந்த நாளில் இருந்து 3 வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தாமதமானாலும் நியாயம் கருதி ஏற்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. ஏன் தாமதம் என்று காரணம் எழுத வேண்டும்.

* மற்ற எல்லா வழிகளையும் முயன்ற பிறகே இங்கே வர வேண்டும். நேரடியாக வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

* நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. "அரசு ஆவணம் சரியாகத்தான் இருக்கும்" என்ற நம்பிக்கையில் இருந்துதான் வாரியம் தொடங்கும். அதை உடைக்கும் ஆதாரத்தை நாம்தான் வைக்கணும்.

* பெரும்பாலும் காகிதங்களைப் பார்த்தே முடிவு. நேரில் விசாரணை கேட்கலாம், ஆனால் அது உரிமை அல்ல.

* 10 மாதத்துக்குள் பெரும்பாலான மனுக்களையும், 18 மாதத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம்.

நிராகரித்தாலும் புதிய ஆதாரம் கிடைத்தால் மறுபரிசீலனை கேட்கலாம். அதன்பிறகு கூட்டாட்சி நீதிமன்றம்.

பரிந்துரையே காணாமல் போனால்?

இது மூன்றாவது வகை. வீரச் செயலுக்கான பதக்கங்களைப் பரிந்துரைக்கக் காலக்கெடு உண்டு. அது கடந்துவிட்டால், ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகப் பரிந்துரையை அனுப்ப 1996-ல் வந்த சட்டப் பிரிவு வழி செய்கிறது. உறுப்பினர் மெடல் கொடுப்பதில்லை. கோப்பைப் பரிசீலிக்கும்படி படைத்துறைச் செயலரைக் கேட்பார், அவ்வளவுதான். நேரில் பார்த்தவர்களின் சாட்சியம், அன்றைய மேலதிகாரியின் ஒப்புதல், செயலின் விவரம் எல்லாம் கூடவே வேண்டும்.

இதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு கர்னல் பாரிஸ் டேவிஸ் ஒரு உதாரணம். அமெரிக்க சிறப்புப் படையின் தொடக்ககால கறுப்பின அதிகாரிகளில் ஒருவர். 1965 ஜூனில் வியட்நாமின் போங் சோன் பகுதியில் நடந்த சண்டையில், தானும் காயம்பட்ட நிலையில், விழுந்து கிடந்த சக வீரர்களை மீட்டு வந்தார். உயரிய 'மெடல் ஆஃப் ஆனர்' விருதுக்கு அவரைப் பரிந்துரைத்தார்கள். அந்தக் காகிதம் தொலைந்தது. மறுபடி அனுப்பினார்கள், அதுவும் காணவில்லை. கூட இருந்த வீரர்கள் விடாமல் போராடினார்கள். 2023 மார்ச் 3-ம் தேதி அதிபர் பைடன் அந்தப் பதக்கத்தை அவருக்கு அணிவித்தார். சண்டை முடிந்து கிட்டத்தட்ட 58 வருஷம்.

தனிமனிதர்களின் விண்ணப்பம் இல்லாமல், அரசே பழைய கோப்புகளைத் தோண்டிய சம்பவங்களும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் இன பாகுபாட்டால் உயர் விருது மறுக்கப்பட்டதா என்று ஆராய்ந்த பிறகு, 1997-ல் 7 கறுப்பின வீரர்களுக்கும், 2000-ல் 22 ஆசிய அமெரிக்க வீரர்களுக்கும் மெடல் ஆஃப் ஆனர் வழங்கப்பட்டது. 2014 மார்ச்சில் மேலும் 24 பேருக்கு. இவர்களில் பெரும்பாலானோர் அப்போது உயிரோடு இல்லை.

வீரர் இறந்துவிட்டால் யார் கேட்கலாம்?

மறுமணம் செய்யாத மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர்கள் ஆவணம் கேட்கலாம். இறப்புச் சான்று இணைக்க வேண்டும். திருத்த வாரியத்துக்கும் வாரிசுகள் போகலாம். ஆனால் பேரப்பிள்ளைகளுக்கு இந்த 'நெருங்கிய உறவினர்' பட்டியலில் இடமில்லை. அவர்களின் அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதனால் வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே வேலையைத் தொடங்குவது நல்லது.

இதை மட்டும் செய்யவே கூடாது

டிடி 214 நகலில் தாங்களாகவே ஒரு வரி தட்டச்சு செய்து சேர்ப்பது. "நமக்கு வர வேண்டியதுதானே" என்று நினைத்துச் செய்தாலும் அது அரசு ஆவணத்தைத் திரித்த குற்றம். உண்மையான கோரிக்கையும் அதோடு சேர்ந்து கெட்டுப்போகும். வாங்காத உயர் பதக்கத்தை வாங்கியதாகச் சொல்லி பணமோ பலனோ அடைவது 2013-ல் வந்த தனிச் சட்டப்படி குற்றம். இதற்கு ஒரு வருடம் வரை சிறை உண்டு.

இன்னொன்று, அசல் ஆவணத்தை யாருக்கும் தபாலில் அனுப்பக்கூடாது. நகல் போதும். பணம் வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பித் தரும் இடைத்தரகர்களும் தேவையில்லை. அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகள் இந்த உதவியை இலவசமாகச் செய்கின்றன.

பெயர் குழப்பமும் ஒரு காரணம்

கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் அமெரிக்கப் படைகளில் சேர முடியும். இன்ஷியலோடு பெயர் எழுதும் பழக்கம் உள்ள நம்மவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் வரலாம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக மாறும். குடியுரிமை வாங்கும்போது பெயர் சுருங்கும். பதக்க உத்தரவில் ஒரு பெயர், டிடி 214-ல் இன்னொரு பெயர் என்றால், இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிப்பதே முதல் வேலையாகிவிடும். பெயர் மாற்றச் சான்றையும் பணி எண்ணையும் மனுவோடு இணைத்தால் பாதித் தொல்லை குறையும்.

இந்தியாவில் எங்கே போக வேண்டும்?

இந்திய ராணுவத்தில் ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் தனிப் பதிவு அலுவலகம் உண்டு. மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்களுக்கு அது நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இருக்கிறது. பதக்கம் விட்டுப்போனது தொடர்பான மனுவுக்கு முதல் இடம் அதுதான். மனு எழுத மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கேட்கலாம். பணி தொடர்பான குறைகளுக்கு 2007-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதன் கிளை சென்னையிலும் செயல்படுகிறது.

சுருக்கமாகச் சொன்னால்

முழுக் கோப்பை வாங்குங்கள். மூன்று வகைகளில் எது என்று பிரித்துப் பாருங்கள். சரிபார்ப்பு, டிடி 215, டிடி 149 என்ற வரிசையை மாற்றாதீர்கள். ஆவணம் எரிந்துவிட்டது என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். அனுப்பும் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு நகலும் தேதியும் வைத்துக்கொள்ளுங்கள். சாட்சி சொல்லக்கூடிய பழைய நண்பர் யாராவது உயிரோடு இருந்தால், படிவத்தை நிரப்புவதற்கு முன் அவருக்கு ஒரு போன் போடுங்கள்.